துணியை எடுத்த பிறகு வந்த சத்தம்

ஜூன் 30, ஞாயிறு

ஜெபத்துக்கு இருந்தவர்கள்: சபை குருவானவர் வேதமாணிக்கம் ஐயர், ஐயரம்மா, பாடகர் குழுவான கொயரின் செக்ரட்டரி லிவிங்ஸ்டன் தம்பி, எதிர்வீட்டு கோல்டா அக்கா, இவர், நான். மஸ்கட்டிலிருந்து மகள் ஹெப்சி, போன் திரையில். ஆக ஏழு பேர். முறுக்கு இருபத்து நான்கு வைத்தேன், ஒன்பது மிஞ்சியது. ஐயருக்குச் சர்க்கரை இல்லாத காப்பி.

புதுப் பொருள் எது வந்தாலும் ஜெபித்துத் தொடங்குவது இந்த வீட்டு வழக்கம். பிரிட்ஜுக்குச் செய்தோம், தையல் மெஷினுக்குச் செய்தோம். இப்போது வந்திருப்பது ஹெப்சி கொடுத்துவிட்ட கீபோர்டும், அவளுடைய பழைய லேப்டாப்பும், ஒரு ஸ்பீக்கரும். கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. கட்டையைத் தட்டினால் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். அது ஆர்கன் சத்தத்தை உண்டாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஹெப்சி இரண்டு தடவை விளக்கினாள், எழுதி வைத்துக்கொண்டேன்.

வீட்டு ஆர்மோனியத்தை இவர் இனி வாசிக்க முடியாது. இடது கை துருத்தி போட்டால் வாசிக்க வலது கை வேண்டும். மார்ச் 11-ல் பக்கவாதம் வந்த பிறகு அந்தக் கை அப்படி இல்லை. இதில் துருத்தி இல்லை என்பதால்தான் ஹெப்சி இதை அனுப்பினாள்.

ஐயர் ஸ்பீக்கரைத் தானே தூக்கி, வசனக் காலண்டருக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்தார். "இது உயரத்துல இருக்கட்டும்மா" என்று அதன்மேல் கை வைத்து ஜெபித்தார். மேசையிலிருந்து அலமாரிக்கு வயர் அறைக்குக் குறுக்கே போகிறது.

லிவிங்ஸ்டன் தம்பி, "சார், ஒரு வரி" என்றான். இவர் இடது கையால் ஒரு வரி வாசித்தார். வலது கை மடியில் இருந்தது. எல்லோரும் ஆமென் என்றார்கள்.

பந்து பிசைதல் 40. விரல் விரித்தல் 20. பி.பி. 138/86.

ஜூலை 2, செவ்வாய்

காலையில் வயரில் கால் சிக்கிவிட்டது. ஊன்றி நடக்கும் கம்பு ஒரு பக்கம் போக, இவர் மேசையைப் பிடித்து நின்றுவிட்டார். ஸ்தோத்திரம்.

வயரைப் பிடுங்கிச் சுற்றி, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். ஹெப்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அம்மா, அந்த ஸ்பீக்கர் வயர் இல்லாமலும் வேலை செய்யும், புளூடூத்த ஆன் பண்ணுங்க" என்றாள். செய்தேன். இப்போது தரை சுத்தமாக இருக்கிறது.

விரல் விரித்தல் 20. பி.பி. 146/90. பயந்ததால் இருக்கும்.

ஜூலை 5, வெள்ளி

முப்பது நிமிடம் வாசிப்பதாகச் சொல்லி உட்கார்ந்தவர் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்.

"என்னங்க?"

"கை பின்னால வருது பியூலா. நான் ஒரு எடத்துல இருக்கேன், கை வேற எடத்துல இருக்கு."

பிசியோதெரபி பிள்ளை சொன்னதைச் சொன்னேன், போகப்போகச் சரியாகும் என்று. "அவ சின்னப்புள்ள, அப்படித்தான் சொல்லுவா" என்றார்.

சிலிண்டர் இன்று மாற்றியது. போன சிலிண்டர் 41 நாள் வந்தது.

ஜூலை 8, திங்கள்

ஒரே கட்டையை இரண்டு தடவை தட்டுகிறார். தட்டிவிட்டுக் காத்திருக்கிறார், சத்தம் வரவில்லை என்று மறுபடி தட்டுகிறார். அப்போது இரண்டு சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உடனே கையை எடுத்துவிடுகிறார், சுட்டுவிட்ட மாதிரி.

நான் அடுப்படியில் இருந்து பார்த்தேன். பார்த்தது தெரியாதபடி பாத்திரம் துலக்கினேன்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று சொன்னதை எழுத மனசில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

"இடது கையும் பிந்துது" என்றார்.

உடனே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். டாக்டர் இடது கையைத் தூக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், அவருடைய இரண்டு விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். "இடது கை நூத்துக்கு நூறு சார். மனசுல ஏதும் கவலை இருக்கா?" என்றார். இவர் எனக்காகச் சிரித்தார்.

வரும் வழியில் ஆட்டோவில், "முப்பத்தோரு வருசம் கணக்கு வாத்தியார், முப்பத்தோரு வருசம் கோயில்ல ஆர்கன். ரெண்டுலயும் ஒரு நாள் பிந்தினதில்ல" என்றார். டிரைவர் தன்னிடம் சொல்வதாக நினைத்து, "ஆமா சார்" என்றான்.

ஜூலை 14, ஞாயிறு

ஆராதனைக்கு நான் மட்டும் போனேன். ஆர்கன் மாடத்தில் ஆள் இல்லை. பாட்டுக்கு லிவிங்ஸ்டன் தம்பி போனிலிருந்து பதிவைப் போடுகிறான். அது யாருக்காகவும் நிற்பதில்லை. சபை மூச்சு வாங்குவதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் இவர், "ஒரு கடுதாசி எழுதணும், நான் சொல்லச்சொல்ல எழுது" என்றார். எழுதினேன். 'சபையின் சேகர கமிட்டிக்கு. என் சரீர நிலை காரணமாக ஆர்கன் ஊழியத்திலிருந்து விடுவித்துக்கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை கிடைத்த சிலாக்கியத்துக்கு நன்றி.' மூன்றே வரி. முற்றுப்புள்ளி எங்கே என்பதையும் சொன்னார்.

இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கே ஐயர்ட்ட கொடுத்துரு."

"ஐயர் மகாநாட்டுக்குப் போயிருக்காவ. வியாழக்கிழமைதான் வருவாவ."

அது உண்மைதான். கடிதம் இந்த நோட்டுக்குள் இருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

இவர் பிசியோதெரபிக்குப் போயிருக்கும்போது மேசையைத் துடைத்தேன். ஒரு வாரமாகத் தொடாததால் கீபோர்டில் தூசி. லேப்டாப்பை மூடாமலே விட்டிருந்திருக்கிறேன், என் தப்பு. ஈரம் இல்லாத துணியால் கட்டைகளை இடதிலிருந்து வலது கோடி வரை ஒரே இழுப்பாகத் துடைத்துத் துணியை எடுத்துவிட்டேன்.

துணியை எடுத்த பிறகு சத்தம் வந்தது.

கை காற்றில் இருக்கிறது; கடைசி நாலைந்து கட்டைகள் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. அப்படியே நின்றேன். மறுபடி துடைத்தேன். அதே. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, ஒரே ஒரு கட்டையை என் ஆள்காட்டி விரலால் தட்டினேன். 'டக்' என்று கட்டை அடிபடும் சத்தம் முதலில். பிறகுதான் ஆர்கன்.

எனக்குப் பக்கவாதம் வந்ததில்லை.

இவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்று வாசல் வரை போனேன். சொல்லவில்லை. கணக்கு முழுசாக இல்லாமல் இவரிடம் எதையும் சொன்னால் முதல் கேள்வியே "எவ்வளவு?" என்றுதான் வரும்.

ஜூலை 17, புதன்

எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் வழி கிடைத்தது. நான் பத்தாவது வரைதான் படித்தேன். கம்ப்யூட்டர் ஹெப்சி விட்டுப்போன புத்தகங்களிலும் வீடியோவிலும் பார்த்துக் கற்றது. ஒரு வீடியோவை ஏழு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

போனைக் கீபோர்டின்மேல் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். கட்டையை ஓங்கித் தட்ட வேண்டும். பதிவை லேப்டாப்பில் திறந்தால் சத்தம் கோடாகத் தெரிகிறது, இரண்டு மேடு. முதல் மேடு, கட்டை அடிபட்ட 'டக்'. இரண்டாவது மேடு, ஸ்பீக்கரிலிருந்து வந்த ஆர்கன். நடுவில் உள்ள பள்ளம்தான் தாமதம். எவ்வளவு என்று கம்ப்யூட்டரே சொல்கிறது.

பத்து தடவை தட்டிச் சராசரி எடுத்தேன்: 268 மில்லி செகண்ட். ஒரு செகண்டில் கால் பாகத்துக்கும் மேலே.

தெரியாத ஒருவருக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பாட்டை ஆரம்பித்துப் பார்த்தால் தெரியும், கால் செகண்டில் ஒரு சபையையே தொலைத்துவிடலாம்.

கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டம் போட்டிருக்கிறேன். தேதி, மாற்றியது என்ன, வந்த தாமதம்.

ஜூலை 18, வியாழன்

காலை ஜெபத்துக்குப் பிறகு தொடங்கினேன். இவர் பின்னறையில் பந்து பிசைந்துகொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டேன்.

'சத்த மேம்பாடு' என்று விண்டோஸில் ஒன்று ஆனில் இருந்தது. அணைத்தேன். 251.

ஆர்கன் புரோகிராமில் டிரைவர் என்று ஒரு வரிசை. மேலே இருந்ததை விட்டு மூன்றாவதைத் தொட்டேன். 214.

பிறகு பஃபர். இது எனக்குப் புரிந்தவரை ஜங்ஷனில் நிற்கும் ஷேர் ஆட்டோதான். ஆள் நிறைந்தால்தான் கிளம்புவேன் என்று நிற்கிறது. 1024 பேர் ஏறும் வரை காத்திருந்தால் முதலில் ஏறியவருக்குத் தாமதம். 128 பேரிலேயே கிளம்பச் சொன்னேன். 191. ஆசைப்பட்டு 32-க்கு இறக்கினேன். ஓடி ஓடி ஆட்டோவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. வழியில் ஆட்களை இறக்கிவிட்டு ஓடுகிறது, உப்புக்கடலை வறுக்கிற மாதிரி சடசடவென்று சத்தம். மறுபடி 128.

"ஏட்டி, அங்கன என்ன பொரியுது?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க, தாளிக்கேன்."

அதற்குமேல் இறங்கவில்லை. 191-லேயே நிற்கிறது. மீதி எங்கே என்று தெரியவில்லை.

வீடியோவுக்குக் கீழே யார் யாரோ ஏதேதோ எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை. உளுந்து ஊறப்போட்டிருந்தேன்.

ஐயர் ஊருக்கு வந்துவிட்டாராம். கோல்டா அக்கா சொன்னாள்.

ஜூலை 19, வெள்ளி

புளி காயப்போட்டேன். மழை வரவில்லை.

ஜூலை 20, சனி

"கடுதாசி கொடுத்தாச்சா?" என்று கேட்டார். "நாளைக்குக் கோயில்ல கொடுக்கேன்" என்றேன். கீபோர்டின்மேல் ஒரு வேட்டியை விரித்து மூடி வைத்திருக்கிறார். இதைக் கைகழுவிவிட்டவர் மாதிரி, ஆனால் மடிப்பு கலையாமல்.

பந்து பிசைதல்: செய்யவில்லை. விரல் விரித்தல்: செய்யவில்லை. பி.பி. பார்க்க விடவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

பாவ அறிக்கை சொல்லும் நேரத்தில் எனக்கு வாய் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த கோல்டா அக்கா, உடம்பு சரியில்லையோ என்று பார்த்தாள்.

வியாழக்கிழமை எழுதியது பொய். மீதி எங்கே என்று தெரியும். கீழே எழுதியிருந்தவர்களில் நாலு பேர் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தார்கள்: புளூடூத்தில் வாசிக்காதீர்கள், அது சத்தத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்து எடுப்பதற்குள் நேரம் போய்விடும். பாட்டுக் கேட்க ஆகும், வாசிக்க ஆகாது.

வயரைப் பிடுங்கியது நான். ஜூலை 2-ஆம் தேதி என் கையாலேயே எழுதியிருக்கிறேன், தரை சுத்தமாக இருக்கிறது என்று. அன்றிலிருந்துதான் இவர் கை பின்னால் போனது. மூன்று நாள் கழித்து அவர் அதைச் சொன்னபோது, 'போகப்போகச் சரியாகும்' என்றேன். ஆட்டோவில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடிதம் கைப்பைக்குள் இருந்தது. ஐயர் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தார். நானும் கை கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் இவர் தூங்கும்போது சேலைகளுக்கு அடியிலிருந்து வயரை எடுத்தேன். மாட்டினேன். வேட்டியை விலக்கி ஒரு கட்டையைத் தட்டினேன்.

19.

இன்னும் ஐந்து தடவை தட்டினேன். 19, 18, 19, 20, 19. அந்த இரண்டு மேடும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

சந்தோஷப்பட்டேனா என்று தெரியவில்லை. வயரைக் கழற்றிச் சுற்றி, வேட்டியைப் பழைய மடிப்பிலேயே மூடிவிட்டு, அடுப்படியில் போய் உட்கார்ந்தேன்.

ஜூலை 22, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காப்பி குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். "என்னட்டி இது, மளிகைக் கணக்கா?" என்று கண்ணாடியை மாட்டினார். முதல் வரியிலிருந்து படித்தார். வாத்தியார் படிக்கிற மாதிரி, விரல் வைத்து.

"268?"

"தட்டினதுக்கும் சத்தத்துக்கும் நடுவுல. உங்க கை இல்ல, என் கை. நான் தட்டினாலும் அவ்வளவுதான்."

விரல் கீழே இறங்கியது. 251, 214, 191. கடைசி வரியில் நின்றது.

"திடீர்னு எப்படி 19?"

"வயர் போட்டேன்."

"முன்னால வயர் இருந்துச்சே."

"நான்தான் எடுத்தேன். நீங்க தடுக்கி விழப் பாத்தீங்கல்லா, அன்னைக்கு. நான் எடுத்ததுனாலதான் இவ்வளவும். இருபது நாளா உங்க கைய நீங்களே வெறுத்துட்டு இருந்தீங்க, எல்லாம் என்னாலதான்."

அழக்கூடாது என்று ஜெபித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பிரயோஜனமில்லை.

இவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இடது கைக்கு ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்ல."

"டாக்டர் சொன்னப்போ நான் நம்பல."

"தெரியும்."

"சமாதானத்துக்குச் சொல்லுதாருன்னு நெனச்சேன். நீ சராசரி எடுத்துருக்க." கண்ணாடியைக் கழற்றினார். "வயரு கெடந்திருந்தா நான் விழுந்திருப்பேன் பியூலா. அப்போ நீ வேற கணக்கு எழுதிட்டு இருந்திருப்ப. மூக்கச் சிந்து."

சிந்தினேன்.

பிறகு நான் வயரை மாட்டினேன், அவர் வேட்டியை எடுத்தார். வலது கையை இடது கையால் தூக்கிக் கட்டைகளின்மேல் வைத்தார். கட்டைவிரல் அமுங்கியது, அந்த இடத்திலேயே சத்தம். இன்னொரு தடவை. ஆள்காட்டி விரல். நடுவிரல். அவர் முகம் திரும்பியிருந்தது, எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் தெரிந்தது.

"ஒனக்கு ஒண்ணு சொல்லுதேன்" என்றார். "மாடத்துல உக்காந்து வாசிக்கும்போது கீழ சனம் பாடுறது எனக்கு எப்பவும் பிந்தித்தான் கேக்கும். அதக் கேட்டுட்டு வாசிச்சா தொலைஞ்சோம். காத மூடிட்டு வெரல நம்பி வாசிக்கணும். முப்பத்தோரு வருசம் அப்படித்தான் வாசிச்சேன். அப்போ இந்த 268 என்னை என்ன செஞ்சிருக்கும்? ஒண்ணும் செஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன்?"

வலது கை விரல் நுனிகளை என் கன்னத்தில் வைத்தார். "இப்போ ஒன் கன்னம் ஈரமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நுனி மரத்துப் போச்சு. கட்டை அமுங்குச்சான்னு வெரலு சொல்லாது, காதுதான் சொல்லணும். அதுக்காகக் காதக் கேட்டா இடது கையும் அது பின்னாலயே போவுது. காது கால் செகண்டு கழிச்சுச் சொன்னா, நான் யார நம்ப?"

நாலு மாதமாக இதை இவர் என்னிடம் சொல்லவில்லை. பிசியோதெரபி பிள்ளையிடமும் சொல்லவில்லை. நான் பந்து பிசைந்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் கோல்டா அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்துவிட்டாள். குறுக்கே கிடந்த வயரைப் பார்த்து, "மறுபடியும் போட்டுட்டியா பியூலா? சார் விழுறதுக்கா?" என்றாள்.

எனக்கு மறுபடி பயம் வந்துவிட்டது. அப்போது இவர்தான் கேட்டார்: "அந்த ஸ்பீக்கரத் தூக்கி இந்த மேசையிலயே வச்சா என்ன?"

நானும் கோல்டா அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மூன்று வாரமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. வயரை எடுக்கத் தோன்றியது, ஸ்பீக்கரை எடுக்கத் தோன்றவில்லை.

"ஐயர் கை வச்சு ஜெபம் பண்ணின எடமாச்சே சார்" என்றாள் அக்கா.

"ஐயர் ஸ்பீக்கருக்குத்தான் ஜெபம் பண்ணினாரு கோல்டா, அலமாரிக்கு இல்ல."

தூக்கி மேசையில் வைத்தோம். வயரில் முக்கால்வாசி மிஞ்சியது. சுற்றிக் கட்டினேன். தரை சுத்தமாக இருக்கிறது.

பி.பி. 128/82.

ஜூலை 25, வியாழன்

கணக்கை மறைக்கக் கூடாது. எல்லாத் தாமதமும் கம்ப்யூட்டரில் இல்லை.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் சொன்னபடி கேட்கின்றன. மோதிர விரல் முரண்டு பிடிக்கிறது. சுண்டுவிரல் வருவதே இல்லை. ஞானப்பாட்டில் ராகம் போவது மேல் சுரத்தில், அது சுண்டுவிரலின் வேலை. அது இல்லாமல் வாசித்தால் கேட்பதற்குப் பாட்டு எது என்று தெரியாது.

"அளந்து எழுது" என்றார். எழுதினேன். மோதிர விரல், மற்ற விரல்களுக்குப் பின்னால் 140. சுண்டுவிரல், இல்லை.

"இல்லைன்னு போடாத. கோடு போடு. காலியா விடு" என்றார்.

கோடு போட்டேன்.

ஜூலை 27, சனி

இன்று நடந்தது வேடிக்கை.

இவர் வாசித்துக்கொண்டிருந்தார், நான் வலது பக்கம் நின்று ஸ்டாண்டில் பாட்டுப் புத்தகத்தின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரியிலும் அந்த மேல் சுரம் வரும் இடத்தில் ஓட்டை விழுந்தது. மூன்றாவது சரணத்தில், யோசிக்காமல், என் விரல் போய் அந்தக் கட்டையைத் தட்டிவிட்டது.

இவர் நிறுத்திவிட்டார்.

"தப்பா?" என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும் அது எந்தக் கட்டைன்னு?"

"உங்களப் பாத்துட்டே இருக்கேன்லா."

"எத்தன வருசமா?"

புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன். கோயிலில் பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணாந்தால் மாடத்தில் அவர் கை மட்டும் தெரியும். அதற்காக நான் எப்போதும் ஒரே இடத்தில்தான் உட்காருவேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். "உக்காரு. நின்னு தட்டுனா பிந்தும்."

ஜூலை 31, புதன்

மூன்று நாளாக ஒரே பாட்டு. ராகம் நான், மற்றதெல்லாம் அவர். எனக்கு எண்பது தப்பு வருகிறது. எண்ணித்தான் சொல்கிறேன், இன்று எண்பத்து மூன்று.

"ஏட்டி, நான் தட்டுனதக் கேட்டுட்டுத் தட்டாத. அப்போ நீதான் புளூடூத்து."

"பின்ன எதப் பாத்துத் தட்ட?"

"மூச்ச. ரெண்டு பேரும் ஒண்ணா மூச்சு எடுத்தா ஒண்ணா எறங்கும்."

போனை வைத்துப் பதிவு செய்து பார்த்தோம். அவர் கட்டைக்கும் என் கட்டைக்கும் நடுவில் 90. பிறகு 60. காப்பிக்கு அப்புறம் 35. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் இரண்டு மேடாகத் தெரியவில்லை. இவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இத எப்படி எழுதுவ?"

"சைபர்."

"போடு" என்றார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இவர் கோயிலுக்கு வந்தார். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை. மாடத்துக்கு ஏறவில்லை, பதினேழு படி. ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். போன் பதிவு சபையை விட்டுவிட்டு ஓடும்போதெல்லாம் இவர் முழங்காலில் விரலால் தாளம் போட்டு அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஆராதனை முடிந்ததும் லிவிங்ஸ்டன் தம்பி ஓடி வந்தான். "சார், செப்டம்பர் எட்டு ஸ்தோத்திரப் பண்டிகை. கீழயே வச்சு வாசிக்க புது கீபோர்டு வாங்கியிருக்கோம். வயரே இல்லாம ஸ்பீக்கருக்கு அனுப்புறதுக்கு ஒரு பெட்டியும் வாங்கியாச்சு. நீங்க வெறுமன வந்து உக்காந்தாப் போதும்."

நானும் இவரும் ஒரே நேரத்தில், "வயரே இல்லாமலா?" என்றோம். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு கேட்டார். "அந்தக் கடுதாசி எங்க இருக்கு?"

"எங்கிட்டதான்."

"கொடுக்கலியா?"

"இல்ல."

"கோயில்ல கொடுக்கேன்னு சொன்னியே."

"கொண்டுதான் போனேன்."

சிரித்தார். கிழித்துப் போடு என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என்னால ஒத்தையில வாசிக்க முடியாது பியூலா. அது உண்மைதான். அத மறைக்க வேண்டாம்" என்றார். பிறகு, "நீ வேற ஒண்ணு எழுது. இந்தத் தடவ நான் சொல்ல மாட்டேன். நீயே எழுது" என்றார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஐயருக்கு எழுதியது. நகல் இங்கே:

மதிப்பிற்குரிய ஐயர் அவர்களுக்கு, சற்குணம் சார் மனைவி பியூலா எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம்.

இத்துடன் ஜூலை 14 தேதியிட்ட ஒரு கடிதம் இருக்கிறது. அதை அன்றே தராதது என் குற்றம். அதைப் படியுங்கள். ஆனால் இதையும் படித்துவிட்டு எதை எடுத்துக்கொள்வது என்று தீர்மானியுங்கள்.

சார் ஸ்தோத்திரப் பண்டிகையில் ஒரு பாட்டு வாசிக்க விரும்புகிறார்கள். ஒன்றே ஒன்று, காணிக்கைப் பாட்டு. மெதுவாகத்தான் வரும். கொயர் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும், முந்திக்கொண்டு போய் உதவி செய்ய வேண்டாம். கீபோர்டிலிருந்து ஸ்பீக்கருக்கு வயர்தான் போட வேண்டும். புதிதாக வாங்கிய பெட்டி எவ்வளவு பிந்துகிறது என்று நான் வந்து அளந்து தருகிறேன், பத்து நிமிட வேலை. வயர் யார் காலிலும் படாதபடி ஸ்பீக்கரைப் பக்கத்திலேயே வைத்துவிடலாம்.

சாருக்கு வலது கை சுண்டுவிரல் இன்னும் வரவில்லை. அந்தச் சுரங்களை நான் வாசிக்கிறேன். இதற்கு நான் ஆண்கள் பக்கம் கொயர் பெஞ்சில் சாருக்கு அருகே உட்கார வேண்டியிருக்கும். நம் சபையில் அப்படி ஒரு பெண் இதுவரை உட்கார்ந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். யாருக்கும் ஆட்சேபனை இருந்தால் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டோம். ஆனால் அப்போது சாரும் வாசிக்க மாட்டார்கள்.

அறிவிப்பு எதுவும் வேண்டாம். கை தட்டவும் வேண்டாம்.

கீழே உள்ள கையெழுத்து சார் வலது கையால் போட்டது. கோணலாக இருந்தாலும் அவர்களுடையதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை கொயர் பழகும் நாள். நாங்கள் வரலாமா, வேண்டாமா என்று அதற்குள் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.